வலது பக்கம் திரும்பிப் பார்த்தால் தலைசுற்றல். ஸ்கேனில் ‘ரத்தக்குழாய் மெலிசு’ என்று வந்திருக்கிறது

நீடாமங்கலத்தான் | ஜூன் 24, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் கிராமம். வயது 46. சுகர் இல்லை. பிபி கொஞ்சம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். சொந்த டிராக்டர். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு வண்டியை விட்டு இறங்க நேரம் இருக்காது.

போன வருடம் தாளடி உழவில்தான் முதல் தடவை வந்தது. சேற்றில் ரோட்டவேட்டர் போட்டு ஓட்டும்போது பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் லீவர் வலது கைப் பக்கம் இருப்பதால் வலது தோளுக்கு மேலே பார்ப்பதுதான் பழக்கம். அப்படித் திரும்பி நாலைந்து விநாடி ஆனதும் வயல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருக்கும். கண் மங்கும். நேரே பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். அப்போது தூக்கம் கெட்டதால் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இந்தக் குறுவைக்கு ஒரு நாளைக்கு பத்துத் தடவை வருகிறது. போன வாரம் வண்டியை வரப்பில் ஏற்றிவிட்டேன். நல்லவேளை, பக்கத்து வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

ஒரு கிளினிக்கில் கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லி பெல்ட் கொடுத்தார்கள். குறையவில்லை. எம்ஆர்ஐயும் அதோடு ரத்தக்குழாய்ப் படமும் எடுத்தோம். ரிப்போர்ட்டில் இருப்பது இது: வலது வெர்டிப்ரல் ஆர்ட்டரி ஹைப்போபிளாஸ்டிக் (அதாவது மெலிசு), பைக்கா என்ற கிளையோடு முடிந்துவிடுகிறது, பேசிலார் ஆர்ட்டரி இடது பக்கத்திலிருந்தே நிரம்புகிறது. மூளையில் அடைப்போ பழைய பாதிப்போ எதுவும் இல்லை. ஆனால் கிளினிக்கில் “பின்மூளைக்கு ரத்தம் போகவில்லை, எந்த நேரமும் பக்கவாதம் வரலாம்” என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை.

இந்த மெலிசுக் குழாயால்தான் தலை சுற்றுகிறதா? அதை அகலப்படுத்த முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெற்றிலைக்கொடி | ஜூன் 24, இரவு 9.32

தம்பி, வெறும் வயிற்றோடு வெயிலில் வண்டி ஓட்டினால் பித்தம் ஏறாமல் என்ன செய்யும்? சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள். ஸ்கேன் எடுத்தால் எவனுக்கும் ஏதாவது ஒரு கோளாறு வரத்தான் செய்யும்.

கருப்புவெள்ளை | ஜூன் 24, இரவு 10.45

வெற்றிலை அண்ணன் சொன்னதில் கடைசி வரி பாதி சரி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஸ்கேன் சென்டரில் 22 வருடம் மெஷின் ஓட்டியவன். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்ற வார்த்தையை எத்தனை ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே கிடையாது.

மூளைக்கு நாலு குழாய்களில் ரத்தம் போகிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட், பின்பக்கம் இரண்டு வெர்டிப்ரல். பின்பக்கக் குழாய்கள் இரண்டும் பெரும்பாலும் கழுத்தின் ஆறாவது எலும்பில் நுழைந்து, ஒவ்வொரு எலும்பின் பக்கவாட்டில் இருக்கிற ஓட்டை வழியாகவும் ஏறி, முதல் எலும்புக்கு மேலே ஒரு வளைவு வளைந்து மண்டைக்குள் போகின்றன. அங்கே இரண்டும் சேர்ந்து ஒரே குழாயாகின்றன. அதுதான் பேசிலார். நம்மூரில் கல்லணைக்கு வந்த காவிரி பிரிந்து பிரிந்து போகிறது. மண்டைக்குள் நேர்மாறு, இரண்டு ஆறு சேர்ந்து ஒன்றாகிறது. சிறுமூளை, மூளைத்தண்டு, காதின் உள்பகுதி எல்லாம் அந்த ஒன்றை நம்பித்தான் இருக்கின்றன.

சேருகிற இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நன்றாக இருக்கிற குழாய் 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பொதுவாக ஹைப்போபிளாஸ்டிக் என்று எழுதுவார்கள். இடது பெரியதாகவும் வலது சிறியதாகவும் இருப்பதுதான் அதிகம். பிறவியிலேயே அப்படி. ஒரு பக்கம் சின்னதாக இருந்தால் இன்னொரு பக்கம் தாராளமாக ஓடி ஈடுகட்டிவிடும். இப்படி இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு நாள்கூடத் தலைசுற்றாமல் எண்பது வயது வரை இருந்துவிட்டுப் போகிறார்கள்.

1664இல் இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் மூளையின் அடியில் இந்தக் குழாய்கள் எல்லாம் சேருகிற வளையத்தை விவரித்தார். அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர் கிறிஸ்டோபர் ரென், பிற்பாடு லண்டனின் செயிண்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ஆள். அந்த வளையம் படத்தில் இருப்பது போல ஒரு குறையும் இல்லாமல் இருப்பது பாதிப் பேருக்கும் கீழேதான். படம் எடுக்கிறவனுக்குத் தெரியும், ஒரு மண்டை மாதிரி இன்னொரு மண்டை இருக்காது. ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியாக வேண்டும். அவர் எழுதியதெல்லாம் நோய் என்று படிப்பதுதான் தவறு.

ஆகவே “ரத்தம் போகவில்லை” என்று சொன்னது சரியில்லை. பேசிலார் நிரம்பியிருக்கிறது என்று ரிப்போர்ட்டே சொல்கிறது. மெலிசாகப் பிறந்த குழாயை அகலப்படுத்துவதும் வழக்கமில்லை.

ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துகிற விஷயம் ரிப்போர்ட் இல்லை, அந்த வலது தோள்பட்டை. சில கேள்விகளுக்கு யோசித்து பதில் சொல்லுங்கள். படுக்கையில் புரளும்போது சுற்றுகிறதா? இடது பக்கம் அதே அளவு திரும்பினால் வருகிறதா? கழுத்தைத் திருப்பாமல் இடுப்போடு மொத்த உடம்பையும் வலது பக்கம் திருப்பினால்? திரும்பியபடியே இருந்தால் தானாக நிற்கிறதா, நேரே வந்தால்தான் நிற்கிறதா? நினைவிலிருந்து சொன்னால் போதும். இதற்காகத் திரும்பிப் பரீட்சை பார்க்காதீர்கள்.

மாயவரத்து மருமகள் | ஜூன் 25, காலை 6.20

அண்ணா, பயப்படாதீர்கள். எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள்.

என் மாமியாருக்கு 68 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாந்தி. வீடு கரகாட்டம் ஆடுகிறது என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஸ்கேன் எடுத்தோம். உங்களுக்கு வந்த அதே வார்த்தை, ஹைப்போபிளாஸ்டிக். அவ்வளவுதான், எங்கள் வீட்டில் அது ஒரு கெட்ட வார்த்தையாகிவிட்டது. ரத்தத்தை இளக்க ஒரு மாத்திரை, சுற்றலுக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. வலது பக்கம் படுக்க மாட்டார். தலையணை இரண்டு. துலா முழுக்குக்கு வீட்டுக்கும் காவிரிக்கும் நாலு தெரு தூரம். அதற்குக்கூட இரண்டு வருடமாகப் போகவில்லை. மூளையில் குழாய் சிறுத்துப்போனவள் ஆற்றில் இறங்கலாமா என்பார்.

கடைசியில் என் நாத்தனார் பிடிவாதமாக ஒரு ஈஎன்டி டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் ஸ்கேன் கவரைப் பிரிக்கவே இல்லை. பெஞ்சில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சடக்கென்று பின்னால் படுக்கவைத்தார். கொஞ்சம் பொறுத்துக் கண்மணி இரண்டும் சுழன்று துடிக்க ஆரம்பித்தது, நானே பார்த்தேன். அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. “காதுக்குள்ளே கல் இடம் மாறிக் கிடக்கிறது, ரத்தக்குழாயை விடுங்கள்” என்றார். தலையை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி வைத்து, ஐந்து நிமிடத்தில் எழுப்பி உட்காரவைத்துவிட்டார். அன்று இரவு மாமியார் வலது பக்கம் படுத்துத் தூங்கினார். எட்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. திரும்ப அதே ஐந்து நிமிடம்.

அந்த இரண்டு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது என்றுதான் எனக்கு ஆற்றாமை. அந்தத் தலைதிருப்பும் முறைக்கு போனில் நிறைய வீடியோ இருக்கிறது. நீங்களும் வீட்டிலேயே செய்து பாருங்களேன்.

கருப்புவெள்ளை | ஜூன் 25, காலை 7.05

மருமகளே, உங்கள் மாமியார் கதையை எங்கள் சென்டர் சுவரில் ஒட்டிவைத்திருக்கலாம். தலைசுற்றலோடு வருகிறவர்களில் அந்தக் கல் நோய்தான் மிக அதிகம். கால்சியம் கார்பனேட் துகள்கள், சமநிலை பார்க்கிற வளையக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. படம் எடுத்தால் தெரியாது, படுக்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும். தூக்கத்தில் புரளும்போது வரும், ஒரு நிமிடத்துக்குள் தானாக நிற்கும்.

ஆனால் நீடாமங்கலத்தான், உங்களுக்கு இருப்பது எது என்று தெரியும் வரை அந்த வீடியோவைப் பார்த்துச் செய்ய வேண்டாம். அதில் கழுத்தைப் பின்னால் சாய்த்து ஒரு பக்கம் திருப்பி வைக்கிறார்கள். உங்களுக்குச் சந்தேகமே கழுத்து திரும்புவதில்தான். டாக்டர் கையில் செய்தால் கழுத்தைச் சாய்க்காத வேறு முறையும் இருக்கிறது.

நீடாமங்கலத்தான் | ஜூன் 25, இரவு 8.50

அண்ணே, பதில் சொல்கிறேன். படுக்கையில் எந்தப் பக்கம் புரண்டாலும் ஒன்றும் இல்லை. இடது பக்கம் திரும்பினால் வராது. உடம்போடு திரும்பினால் வராது, சீட்டில் பாதி எழுந்து இடுப்பைத் திருப்பிப் பார்க்கிற நாட்களில் வந்ததே இல்லை என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. திரும்பியபடியே இருந்தால் நிற்காது, கூடிக்கொண்டே போகும். ஒரு தடவை நாக்கு தடித்த மாதிரி இருந்தது. அதைக் கிளினிக்கில் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

பைபாஸ் ரோடு | ஜூன் 25, இரவு 9.15

கழுத்து பிடிப்புதான் ப்ரோ. முடி வெட்டும்போது சலூனில் இரண்டு பக்கமும் ஒரு சொடக்கு எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு ஒரே நாளில் போய்விட்டது.

கருப்புவெள்ளை | ஜூன் 25, இரவு 9.22

பைபாஸ் தம்பி, கோபித்துக்கொள்ளாதே, உன் பதிவைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. சலூன் சொடக்கில் கழுத்து சடாரென்று முறுக்கப்படும். அந்த முறுக்கலில் வெர்டிப்ரல் குழாயின் உள்சுவர் கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, வாதம் வந்தவர்கள் உண்டு. நல்ல குழாய் இருக்கிறவனுக்கே அப்படி. இவருக்குப் பின்மூளைக்கு வேலை செய்கிற குழாய் ஒன்றே ஒன்று.

நீடாமங்கலத்தான், இப்போது என் சந்தேகத்தைச் சொல்கிறேன். கழுத்து திரும்புவதில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. வலது பக்கம் திரும்பும்போது அங்கே இழுபடுவது பெரும்பாலும் இடது குழாய். எல்லோருக்கும் கொஞ்சம் இழுபடும். ஒன்று அழுந்தினால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்கு அந்த ‘இன்னொன்று’ பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. இடது அழுந்தினால் மதகை மூடின மாதிரிதான்.

இதற்கு வில்லாளி என்று பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது, போ ஹன்டர் சிண்ட்ரோம். வில் பயிற்சியில் கழுத்தைத் திருப்பிக் குறிபார்த்த ஒருவருக்கு வாதம் வந்ததை 1978இல் எழுதிவைத்தார்கள். மிக அபூர்வம். என் 22 வருடத்தில் உறுதியானது இரண்டே இரண்டு பார்த்திருக்கிறேன். ஆகவே அதுதான் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே நியூரோ டாக்டரைப் பாருங்கள். ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன்னால் இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். நாக்கு தடித்ததை முதலில் சொல்லுங்கள். அதுவரை வண்டியில் ஏறாதீர்கள்.

வெற்றிலைக்கொடி | ஜூன் 25, இரவு 9.40

அர்ச்சுனனுக்கு வராத வியாதி நம்ம தம்பிக்கு வந்திருக்கிறதா! சரி, கஷாயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள் தம்பி.

கடைமடை | ஜூன் 26, மதியம் 1.30

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். எனக்கும் ரத்தக்குழாய் விவகாரம்தான், ஆனால் வேறு மாதிரி. வேதாரண்யம் பக்கம், பள்ளி ஆசிரியர்.

எனக்குச் சுற்றல் ஐந்து விநாடி, பத்து விநாடிதான். ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன், பலகை ஒரு தடவை புரண்டு நேராகிவிடும். பிள்ளைகளுக்குத் தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொள்வேன். சில தடவை வலது காதில் டைப்ரைட்டர் அடிக்கிற மாதிரி சத்தம். கல் இல்லை என்று படுக்கவைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மனசுதான் காரணம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மூன்றாவது டாக்டர்தான் ஒரு நோட்டுப் போட்டு, எத்தனை தடவை, எத்தனை விநாடி என்று பத்து நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதைப் படித்துவிட்டு வெஸ்டிபுலார் பராக்சிஸ்மியா என்றார். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பை ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டு ஓடுகிறதாம். ஒவ்வொரு துடிப்புக்கும் இடித்து இடித்து நரம்பின் மேலுறை தேய்ந்து, கரண்ட் ஒயர் தோல் உரிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அவ்வப்போது ஷார்ட் அடிக்கிறது. 1994இல் ஜெர்மனியில் இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு இந்தப் பெயர் வைத்தார்களாம்.

வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமாசெபின் மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் இருபது இரண்டாகிவிட்டது. இப்போது மாதத்தில் ஒன்று வந்தால் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த மாத்திரை சிலருக்குத் தோலில் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரும், நம் மாதிரி ஆசியக்காரர்களில் ஒரு குறிப்பிட்ட மரபணு இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். அந்த ரத்தப் பரிசோதனையை எனக்கு முதலிலேயே எடுத்தார்கள். தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஓடி வா என்றார். ரத்தத்தில் உப்பின் அளவையும் அவ்வப்போது பார்க்கிறார்கள். வேதாரண்யத்துக்காரனுக்கு உப்பு குறைந்தால் வெட்கக்கேடு.

கருப்புவெள்ளை சார், அந்தக் குழாய் உரசுவது எம்ஆர்ஐயில் தெரியுமா?

கருப்புவெள்ளை | ஜூன் 26, மாலை 5.10

தெரியும் சார், மெல்லிய வெட்டாக எடுத்தால். பெரும்பாலும் ஐக்கா என்கிற கிளைதான் உரசிக்கொண்டு கிடக்கும். ஆனால் இங்கேயும் அதே கதை. தலைசுற்றலே இல்லாமல் வேறு காரணத்துக்கு ஸ்கேன் எடுக்க வந்தவர்களிலும் நிறைய பேருக்கு அந்த உரசல் தெரிகிறது. அதனால் படத்தை மட்டும் வைத்துப் பெயர் வைக்க மாட்டார்கள். உங்கள் டாக்டர் நோட்டுப் போடச் சொன்னார் பாருங்கள், அந்த நோட்டுதான் ஸ்கேன்.

பிபி ரொம்ப நாளாகக் கட்டுக்குள் இல்லாதவர்களில் சிலருக்கு பேசிலாரே நீண்டு, தடித்து, பாம்பு மாதிரி வளைந்துவிடும். 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் வீங்கியது என்று எழுதுவோம். அதுவும் நரம்புகளை அழுத்தும். ஆனால் அது பிறவி அமைப்பு என்பதைவிட வயதும் பிபியும் செய்கிற வேலை.

ஐக்காவிலிருந்துதான் பெரும்பாலும் உள்காதுக்கு ஒரு நூல் மாதிரிக் குழாய் போகிறது. காவிரிப் பாசனத்தில் உங்கள் ஊர் எப்படியோ, மூளைப் பாசனத்தில் உள்காது அப்படி. கடைமடை. அந்த நூல் அடைத்தால் தண்ணீர் வர வேறு வாய்க்கால் கிடையாது. அதனால்தான் திடீரென்று ஒரு காது கேட்காமல் போய், கூடவே கடுமையாகத் தலையும் சுற்றினால் காதுப் பிரச்சினைதானே என்று வீட்டில் உட்காரக்கூடாது.

சீவாளி | ஜூன் 26, இரவு 11.55

கச்சேரி முடிந்து வந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். நாகஸ்வரம் வாசிக்கிறவன், நரசிங்கம்பேட்டைக்குப் பக்கம். மேல் ஸ்தாயியில் இழுத்து ஊதும்போது எதிரே இருக்கிற கூட்டம் மேலும் கீழுமாக ஆடுகிறது. பக்கத்தில் தவில் உருட்டல் பலமாக விழுந்தாலும் அதே ஆட்டம். இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள்: ராத்திரி அமைதியாக இருக்கும்போது கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டினால் அந்தச் சத்தம் இடது காதில் கேட்கிறது. ஊதி ஊதி மூளையில் ரத்தக்குழாய் புடைத்துவிட்டதா?

வெட்டாறு | ஜூன் 27, காலை 5.40

சிரிக்க மாட்டோம் அண்ணா. நான் நர்ஸ், ஈஎன்டி வார்டில் ஆறு வருடம் இருந்தவள். கண் உருளுவது காதில் கேட்கிறது என்று ஒருவர் சொன்னபோது எங்கள் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவ்வளவு குறிப்பான அடையாளம் அது.

உங்கள் பிரச்சினை ரத்தக்குழாயில் இல்லை என்றுதான் தோன்றுகிறது. உள்காதின் மேல் வளையக் குழாய்க்குக் கூரை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு உண்டு. சிலருக்கு அந்தக் கூரையில் ஓட்டை இருக்கும். பலமான சத்தமும் மூச்சை அடக்கி ஊதுகிற அழுத்தமும் அந்த ஓட்டை வழியாக உள்ளே இருக்கிற திரவத்தை அசைத்துவிடும், கண்ணும் அதோடு ஆடும். 1998இல்தான் இப்படி ஒரு நோய் இருப்பதையே மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது. காது எலும்புக்கு மெல்லிய வெட்டில் சிடி எடுத்தால் தெரியும். அதுவும் கருப்புவெள்ளை அண்ணன் சொல்கிற மாதிரிதான், படம் தனியாகப் போதாது. நீங்கள் இங்கே எழுதியதை ஒரு ஈஎன்டி டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். முடிந்தால் நாகஸ்வரத்தின் சீவாளியையும் கையோடு எடுத்துப் போங்கள், ஊதிக் காட்டச் சொல்வார்.

அப்புறம் ஒன்று. இங்கே எல்லோரும் ஆற அமரப் பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் சில தலைசுற்றலுக்குப் பேசிக்கொண்டிருக்கவே நேரம் கிடையாது. சுற்றலோடு ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, முகம் ஒரு பக்கம் இழுப்பது, விழுங்க முடியாமல் போவது, பிடித்துக்கொண்டாலும் நிற்க முடியாமல் சாய்வது, இதில் எது வந்தாலும் 108க்குக் கூப்பிடுங்கள். உறைந்த ரத்தத்தைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நடவு முடித்துவிட்டுப் போகலாம் என்று ஒருவர் வீட்டில் படுத்துக் கிடந்து, மறுநாள் வந்தார். பித்தவாந்தி என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் எடுத்த சிடி ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. பின்மூளையைச் சுற்றி எலும்பு தடிமன், சிடியில் ஆரம்ப அடைப்பு சரியாகத் தெரியாது. எம்ஆர்ஐகூட முதல் ஒரு நாளில் சிலவற்றைத் தவறவிடும். அவருடைய கண் ஆடிய விதத்தைப் பார்த்துத்தான் எங்கள் டாக்டர் கண்டுபிடித்தார். இன்று கைத்தடியோடு நடக்கிறார்.

பைபாஸ் ரோடு | ஜூன் 27, காலை 9.00

சொடக்கு விஷயத்துக்கு மன்னிக்கவும். நானும் இனி எடுப்பதில்லை.

மாயவரத்து மருமகள் | ஜூலை 15, மாலை 4.15

நீடாமங்கலத்தான் அண்ணா, மூன்று வாரமாக உங்கள் பதிவு இல்லை. எப்படி இருக்கிறீர்கள்? மாமியார்கூடக் கேட்டார், அந்த டிராக்டர் பிள்ளை என்ன ஆனான் என்று.

நீடாமங்கலத்தான் | ஆகஸ்ட் 9, இரவு 8.30

எல்லோரும் மன்னிக்கவும். சென்னைக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அம்மாவிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள் தங்கச்சி.

தஞ்சாவூரில் நியூரோ டாக்டரைப் பார்த்தேன். நாக்கு தடித்ததை முதலில் சொன்னேன். அவர் உடனே பேனாவை வைத்துவிட்டு, எப்படித் திரும்புவீர்கள் என்று கேட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத லீவரைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பிக் காட்டினேன். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறேழு விநாடி இருக்கும், சுற்றல் ஆரம்பிக்கும்போதே “போதும், நேரே வாங்க” என்று தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கண்மணி துடித்ததாம். இரண்டு கையிலும் பிபி பார்த்தார். தோள்பக்கம் குழாய் அடைத்திருந்தால் கை வேலை செய்யும்போது மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தைக் கை திருடிக்கொள்ளும், அது இல்லை என்று உறுதிப்படுத்தத்தானாம். இரண்டும் ஒரே அளவு.

சென்னையில் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். மணிக்கட்டு வழியாக மெல்லிய டியூப் விட்டு மருந்து செலுத்தி, தலை நேராக இருக்கும்போது ஒரு படம், வலது பக்கம் திருப்பிவைத்து ஒரு படம். திரையை எனக்கும் காட்டினார்கள். நேராக இருக்கும்போது இடது குழாய் கருகருவென்று வாய்க்கால் மாதிரி ஏறிப்போகிறது. திருப்பியதும் முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் நடுவில் நூலாகிவிட்டது. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. கருப்புவெள்ளை அண்ணே, மதகு மூடின மாதிரி என்று நீங்கள் எழுதியதை அந்த மேசையில் படுத்துக்கொண்டே நினைத்தேன்.

வைத்தியம் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பது, ரத்தம் உறையாமல் ஒரு மாத்திரை, பிபியைக் கட்டுக்குள் வைப்பது. இன்னொன்று ஆபரேஷன். அதில் அழுத்துகிற எலும்பைச் செதுக்கிவிடலாம். இல்லாவிட்டால் அந்த இரண்டு எலும்பையும் திருகாணி போட்டுச் சேர்த்துவிடலாம். சேர்த்துவிட்டால் கழுத்து திரும்புவதில் பாதி போய்விடும் என்றார்கள். நான் கேட்டேன், “திரும்பினால் சுற்றுகிறது என்று வந்தவனை திரும்ப முடியாதபடி செய்துவிடுவீர்களா?” டாக்டர் சிரித்துவிட்டார். அதனால்தான் முதல் வழியை ஆறு மாதம் பார்ப்போம் என்றார். திரும்பாமலே வந்தாலோ, பேச்சு குழறினாலோ ஆபரேஷன்தான்.

வலது குழாய் மெலிசாக இருப்பதைப் பற்றிக் கேட்டேன். “அது பிறந்ததிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. 45 வருடம் உங்களுக்குத் தொந்தரவு செய்யவில்லை. இப்போதும் தொந்தரவு செய்வது இடது பக்கம்தான்” என்றார்.

கருப்புவெள்ளை | ஆகஸ்ட் 9, இரவு 9.05

மூன்றாவது ஆள் நீங்கள். மாத்திரையை ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள். வண்டி?

சீவாளி | ஆகஸ்ட் 10, காலை 10.40

சிடி எடுத்தேன். வெட்டாறு தங்கச்சி சொன்ன அதே கூரை ஓட்டை, இடது பக்கம். ஆடியில் கச்சேரி குறைவு என்பதால் யோசிக்க நேரம் இருக்கிறது. ஆபரேஷன் அவசரம் இல்லை என்கிறார்கள். தவில்காரரை வலது பக்கம் உட்காரவைத்திருக்கிறேன். அவருக்குத்தான் வருத்தம்.

நீடாமங்கலத்தான் | அக்டோபர் 18, இரவு 7.45

வண்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள் அண்ணே. குறுவைக்கு ஆள் போட்டு ஓட்டினேன், சம்பளம் போக ஒன்றும் மிஞ்சவில்லை. நேரே பார்த்து ஓட்டுவதானால் ஓட்டலாம் என்று டாக்டர் போன மாதம் சொன்னார். திருவாரூரில் கார் அலங்காரக் கடையில் ரிவர்ஸ் கேமரா ஒன்று வாங்கி மட்கார்டுக்கு மேலே பொருத்தி, சின்னத் திரையை ஸ்டீயரிங் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். ரோட்டவேட்டர் இறங்குவது நன்றாகத் தெரிகிறது. இரண்டு மாதமாகச் சுற்றல் ஒரு தடவைகூட இல்லை.

தாளடி உழவு ஆரம்பித்துவிட்டது. ஒரு சுற்று போவதற்குள் கேமராவில் சேறு அடித்து மூடிக்கொள்கிறது. மகனை வரப்பில் நிற்கவைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஈரத் துணியோடு ஓடி வந்து துடைக்கிறான். தண்ணீரோ சேறோ ஒட்டாத கண்ணாடி ஏதாவது இருந்தால் யாராவது சொல்லுங்கள்.